அடகில் சங்கிலி, அண்ணி கேட்கும் செட் சேலை

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தொழிற்சாலையில் எனக்கு 1,900 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், லோரி ஓட்டும் கணவருக்கு 2,600. நான்கு மாதத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். குடும்பமே ஒரே நிறத்தில் செட் உடை போட வேண்டும் என்கிறார் அண்ணி. எங்கள் நால்வருக்கு 1,800 வெள்ளி ஆகும். முந்தைய விசேஷங்களுக்கு எடுத்த துணிக்கே பே லேட்டரில் (முதலில் வாங்கிவிட்டுப் பிறகு தவணையாகக் கட்டும் செயலி) மாதம் 310 கட்டுகிறேன், இன்னும் நான்கு மாதம் பாக்கி. அவர்கள் புதுமனை விழாவில் துணிக்கும் சீருக்குமாக 6,000 வெள்ளிக்கு அடகு வைத்த சங்கிலியை மூன்று முறை புதுப்பித்துவிட்டேன். பழைய சேலையில் போனால் என்ன நினைப்பார்கள்? வளையலையும் வைக்கலாமா, இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாமா?

பதில்: சகோதரி, சிக்கனம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 4,500 வெள்ளியில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவருக்கு அது தெரியும். உங்களை அரிப்பது ஒன்றுதான்: அண்ணன் வீட்டு விசேஷம் என்றால் கடன் வாங்கியாவது உடுத்துவது.

'என்ன நினைப்பார்கள்' என்ற பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் துரைக்குத் தொப்பி, கணக்கெழுதும் கிராணிக்கு நீளக் காலுறை, வேலையாட்களை மேய்க்கும் கங்காணிக்குக் கோட்டு என்று ஆளின் இடத்தை உடையே சொன்னது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கத் தமிழ்நாட்டுக்குப் போன கங்காணியின் கோட்டையும் நகையையும் பார்த்து நம்பிக் கப்பலேறியவர்கள் உண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள் நன்றாக உடுத்த நினைப்பதில் ஒரு மானம் இருக்கிறது. ஆனால் அந்த மானத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

அடகுக்கடை வட்டி மாதம் 2 விழுக்காடு என்றால் 120 வெள்ளி. ஆறு மாத அடகுச் சீட்டு மூன்று முறை, அதாவது 18 மாதம்: 2,160 வெள்ளி போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. பே லேட்டரையும் சேர்த்தால் மாதம் 430, சம்பளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தப் பே லேட்டரை முதலில் போனிலிருந்து எடுங்கள். வட்டியில்லை என்று விளம்பரம் செய்வார்கள், தவணை தவறினால் தாமதக் கட்டணம் விழும். அதைவிட, 400 வெள்ளிச் சேலையை 'மாதம் 67' என்று காட்டியே கையை நீட்ட வைக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை.

வளையலைத் தொடாதீர்கள். இபிஎப் மூன்றாம் கணக்கில் உங்கள் சந்தாவில் 10 விழுக்காடுதான் விழுகிறது, துணிக்கு அதை எடுக்கவே வேண்டாம். எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் சங்கிலி அசலைக் குறைக்க எடுங்கள். 2024க்கு இபிஎப் தந்த லாப ஈவு 6.3 விழுக்காடு, அடகில் வருடத்துக்கு 24 போகிறது. அடுத்த முறை சீட்டைப் புதுப்பிக்குமுன் அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய முறை அடகுக்கடையில் விசாரியுங்கள். நாமும் அங்கே வைக்கலாம், கட்டணம் பொதுவாகக் குறைவு. நான்கு மாதம் கழித்து அந்த 430-ஐயும் அடகுக்கே திருப்பினால், இப்போதைய வட்டியிலேயே ஒன்றரை வருடத்தில் சங்கிலி கைக்கு வந்துவிடும்.

சரி, அண்ணி? துணிக்கு முன்பணம் கட்டுவதற்குள் பேசிவிடுங்கள், இந்த வாரமே. "அண்ணி, நிறத்தை மட்டும் சொல்லுங்க, சேலை என்கிட்ட இருக்கு" என்றால் போதும். உங்கள் முகூர்த்தப் பட்டுக்கு அந்த நிறத்தில் ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டை மட்டும் எடுங்கள். எல்லாம் 300 வெள்ளிக்குள் முடியட்டும். அத்தை என்ற முறையில் மணமேடையில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை எந்தச் செட் சேலையும் தரப்போவதில்லை. அண்ணி முகம் சுளித்தால் அண்ணனிடம் அடகுச் சீட்டைக் காட்டுங்கள். அது யார் வீட்டு விசேஷத்துக்கு வைத்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.