மலை ஏறும்போது பெட்ரோல் வாடை: எந்த ஹோஸைப் பார்ப்பது?

கேள்வி: குமுளியில் இருக்கிறேன். 2004 மாடல் மாருதி ஜென் வைத்திருக்கிறேன். கம்பத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி ஏறினால் பின்சீட்டில் பெட்ரோல் வாடை குமட்டுகிறது. செக்போஸ்ட்டில் நின்றால் ஐட்லிங் ஏறி ஏறி இறங்குகிறது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா சார்?

பதில்: பம்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எங்காவது ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாயில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், அது விளையாட்டில்லை. ஈரமே இல்லை, வாடை மட்டும்தான் என்றால் ஆவி போகும் ஹோஸ்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

டேங்கில் கிளம்பும் ஆவி ஒரு ஹோஸ் வழியாக வந்து, கேனிஸ்டர் என்கிற கறுப்பு டப்பாவுக்குள் இருக்கும் கரியில் தங்கும். வண்டி ஓடும்போது இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். நடுவில், மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்ட் வால்வு காவல். பங்க்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் குளிர்ச்சியாக இருக்கும், உங்கள் டேங்கில் சூடாகி விரியும். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். ஆவி பொங்காமல் என்ன செய்யும்? நன்றாக இருக்கும் ஹோஸ் அதைத் தாங்கும், வெடித்த ஹோஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் இரண்டு புகாரும் இரண்டு பக்கத்தைச் சேர்ந்தவை. வாடை டேங்க் பக்கத்துக் கோளாறு. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ஹோஸ், அதை ஒட்டிய மெல்லிய ஹோஸ், டேங்கிலிருந்து முன்பக்கம் வரும் ஆவி ஹோஸ் மூன்றையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கிளிப்புக்கு அடியிலும் வளைவின் வெளிப்பக்கத்திலும்தான் இருக்கும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஏலத்தோட்டப் பக்கம் நிறுத்துகிறீர்களா? எலிப் பல் தடத்தையும் தேடுங்கள். இன்னொன்று, 2004 வண்டியின் ரப்பர் 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காகச் செய்ததல்ல.

ஐட்லிங் இன்ஜின் பக்கத்து விவகாரம். இன்ஜின் ஓடட்டும். வால்விலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸை, இன்ஜினை ஒட்டிய முனையில், துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெரியுங்கள். ஐட்லிங் சீரானால் அந்த ஹோஸில் வெடிப்பு, இல்லை வால்வு மூடாமல் நிற்கிறது. எது என்று பிரிக்க, வால்விலிருந்து கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி, இன்ஜின் சூடேறும் முன் ஐட்லிங்கில் அந்த வாயில் விரல் வையுங்கள். விரலை இழுத்தால் குற்றவாளி வால்வுதான்.

பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது லேசாக உஸ் என்றால் பயமில்லை. பலமாகக் காற்றை உள்ளே இழுத்தால் கேனிஸ்டர் காற்று வாங்கும் வழி அடைத்திருக்கிறது. அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருந்த வண்டியும் என் கைக்கு வந்ததுண்டு.

மாற்றுவதற்கு மீன்தொட்டி ட்யூபும் வேண்டாம், தண்ணீர் ஹோஸும் வேண்டாம். விறைத்து மறுபடி வெடிக்கும். ஆவி வழிக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். அதையே அழுத்தக் குழாயில் மாட்டிவிடாதீர்கள். எது எங்கே போகிறது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேனிஸ்டரின் முனைகள் பிளாஸ்டிக், கிளிப்பை வெறியோடு முறுக்கினால் உடையும். டேங்க் பக்கத்து வேலையைப் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டபின், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வெளியிடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஷெட்டுக்குள் தரையோடு தேங்கும். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது.

அப்புறம், பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்றபின் “ரவுண்டாக்கிடறேன் சார்” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அளவுக்கு மேல் போனால் திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் நுழைந்து கரியை நனைத்துவிடும். அது நடந்திருந்தால் ஹோஸ் மாற்றியும் வாடை போகாது, கேனிஸ்டரே போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்தும் டேங்க் நிறைந்த நாளில் மட்டும் வாடை வந்தால், டேங்கின் மேல் பம்ப் உட்காரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கை இறக்க வேண்டி வரலாம், அதைப் பட்டறைக்கு விடுங்கள். அப்போதும் மாற்ற வேண்டியது கேஸ்கெட்தான், பம்ப் இல்லை.