கோடையில் தனித்திருப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் குடியிருப்பு காலியாகிவிடுகிறது. தரைத்தளத்தில் சன்னல்களை அடைத்துக்கொண்டு இருக்கும் ஒரு முதியவரும் நானும்தான் மிச்சம். சென்ற ஆண்டு மாலைநேர இசை நிகழ்ச்சி, நடைப்பயிற்சிக் குழு, வாசிப்புக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்தேன். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. நான் இயல்பிலேயே உள்ளொடுங்கியவன். கைபேசியும் ஒரு காரணமாக இருக்கலாம். நாலு பேரோடு சேர்ந்திருக்கும் மகிழ்ச்சி என்கிறார்களே, அதை இந்தக் கோடையிலாவது அடைய எந்தக் குழுவில் சேரலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதும் என் கண் அந்தத் தரைத்தளத்து முதியவரிடமே போய் நின்றது. அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில்.

சில வாரங்களாக 1995ஆம் ஆண்டு சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஜூலையில் ஒரே வாரத்தில், வழக்கமாக நிகழும் இறப்புகளுக்கு மேல் 739 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். அடைத்த அறைக்குள் யாரும் அறியாமல் இறந்துகிடந்தவர்கள் அவர்களில் பலர். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் இதை ஆராய்ந்தபோது, அருகருகே இருக்கும் நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்ற இரு பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையில் வாடும் முதியோரின் விகிதத்திலும் தனித்து வாழும் முதியோரின் விகிதத்திலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முன்னதில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள். பின்னதில் 4 பேருக்கும் குறைவு. முன்னதில் கடைகள் மூடப்பட்டு, மனைகள் பாழடைந்து, முதியவர்கள் வெளியே வரவே அஞ்சினார்கள். பின்னதில் நடைபாதைகளில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருந்ததால், அவர்களும் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார்கள், கடைகளுக்குள் சென்று சற்றுக் குளிர்ச்சியில் நின்றார்கள், தெரிந்தவர் கண்ணில் பட்டார்கள்.

கண்ணில் படுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். வயதான உடலில் தாக உணர்வு மங்கிவிடுகிறது, வியர்ப்பதும் குறைகிறது. வெப்பம் முற்றித் தாக்கும்போது அறிவு குழம்பிவிடுவதால், தனக்கு ஆபத்து வந்திருப்பது அந்த மனிதருக்கே தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெப்பத்தில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். அது அந்நாடே விடுமுறைக்குக் கிளம்பும் மாதம். பல முதியவர்கள் வீட்டில் தனித்து விடப்பட்டிருந்தார்கள். உங்கள் குடியிருப்பு காலியாகிறது என்று எழுதினீர்களே, அந்தக் காலியிடத்தில் உங்களைத் தவிர இன்னொருவர் இருக்கிறார். அவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

மகிழ்ச்சியைக் கேட்டால் மரணத்தைப் பேசுகிறேனே என்று வருந்தாதீர்கள். உங்கள் தனிமையை நான் சிறிதாக நினைக்கவில்லை. அது உண்மையான வலி. ஆனால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது கோபம் வந்தது. இத்தனை இடங்களுக்குப் போன நீங்கள் ஓரிடத்திலாவது ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டீர்களா? பார்வையாளராகப் போனீர்கள், பார்த்தீர்கள், திரும்பினீர்கள். மறுவாரம் நீங்கள் வராததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்கும்படி நீங்கள் அங்கே எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

என் இளமையில் ஒரு கோடை முழுவதும், தெருவோர மரக்கன்றுகளுக்கு மாலையில் தண்ணீர் ஊற்றும் சிறு கூட்டத்தில் இருந்தேன். அதை நடத்திய அம்மையார் அதிகம் பேசாதவர். முதல் நாளே என் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, மதிலோரக் கன்றுகள் இனி உன் பொறுப்பு என்றார். காய்ந்து இறுகிய மண் முதலில் ஊற்றும் தண்ணீரை உள்ளே விடாது, ஓரமாக ஓடவிட்டுவிடும். கொஞ்சம் ஊற்றி, மண் நனையும்வரை பொறுத்து, மறுபடி மெல்ல ஊற்ற வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் பள்ளி விடுமுறையில் இருந்த ஒரு சிறுமி. வாளியின் கம்பிப் பிடி உள்ளங்கையை அறுக்கும், இடையில் வைத்துக் கை மாற்றும்போது பேச்சு தொடங்கும். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இருட்டுவதற்குள் அந்த அம்மையார் கதவைத் தட்டி, “உன் கன்றுகளுக்கு நான் ஊற்றிவிட்டேன். உனக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். என்னை ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்ற நினைப்பில் அன்று காய்ச்சலே பெரிதாகத் தெரியவில்லை.

உள்ளொடுங்கிய இயல்பையும் கைபேசியையும் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வாளியைத் தூக்க அவை தடையல்ல. முன்பின் தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். அதே சிகாகோவின் ரயில்களில் ஆய்வாளர்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியரிடம் பேசினால் பயணம் கசக்கும் என்றே மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசியவர்களுக்கோ பயணம் இனிமையாகவே அமைந்தது.

குழு எதுவானாலும் சரி. முதல் நாளே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள், கோடை முடியும்வரை அதே கிழமையில் அதே நேரத்துக்குப் போங்கள். வேலை தராத இடமாக இருந்தால் வேறிடம் பாருங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு, கீழே இறங்கிப் போய் அவருடைய அழைப்பு மணியை அழுத்துங்கள்.