பெக்கன் அடுக்கு கேக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: க்ரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் பூசிய மூன்று அடுக்கு பெக்கன் கேக்குக்குச் சரியான அளவு வேண்டும். வால்நட் போன்ற இந்தப் பெக்கன் பருப்பை வறுத்துத்தான் சேர்க்க வேண்டுமா?

பதில்: வறுத்தே ஆக வேண்டும். பச்சையாகப் போட்ட பெக்கன் மாவின் ஈரத்தில் அவியுமே தவிர வறுபடாது. மணமும் இருக்காது, மொறுமொறுப்பும் இருக்காது. 250 கிராம் பெக்கனை 30 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிரட்டி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். மணம் எழுந்ததும் வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அதே தட்டில் இருந்தால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். நன்றாக ஆறியபின் நறுக்கி, 150 கிராமை மாவுக்கும் மீதியை மேலே ஒட்டவும் வைத்துக்கொள்ளுங்கள்.

20 செ.மீ. அகல டின் மூன்றுக்கு: மைதா 375 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெண்ணெய் 225 கிராம், வெள்ளைச் சர்க்கரை 200 கிராம், பிரவுன் சுகர் 200 கிராம், முட்டை 4, பால் 240 மி.லி., வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன். முட்டையும் பாலும் குளிர்ச்சி நீங்கியிருக்க வேண்டும். குளிர்ந்த முட்டையைச் சேர்த்தால் அடித்த வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்துபோகும்.

வெண்ணெயில் விரலை அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் எண்ணெய் மினுமினுப்பு தெரியக் கூடாது. அதைச் சர்க்கரைகளோடு 4, 5 நிமிடம் நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். கேக்குக்குள் காற்று சேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அவசரப்படாதீர்கள். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, வெனிலாவையும் விடுங்கள். பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்து சலித்த மைதாவை மூன்று பங்காகவும், பாலை இரண்டு பங்காகவும் மாற்றி மாற்றிச் சேருங்கள். தொடக்கமும் முடிவும் மைதாவாக இருக்கட்டும். உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் பீட்டரை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அடித்தால் கேக் ரப்பர்போல இழுக்கும். பெக்கனைக் கரண்டியால் கலந்து, டின் ஒன்றுக்குச் சுமார் 530 கிராம் என்று எடைபோட்டு ஊற்றி, 175 டிகிரியில் 24 முதல் 28 நிமிடம் சுடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் க்ரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் எப்போதும் தளர்ந்து வழிகிறது. ஐசிங் சர்க்கரையைக் கூட்டினாலும் இறுகவில்லை. ஏன்?

பதில்: சர்க்கரையைக் கூட்டுவதால்தான் தொல்லையே வளர்கிறது. க்ரீம் சீஸில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சர்க்கரை நேராக அதில் விழுந்தால் அந்தத் தண்ணீரை இழுத்துக் கரைந்து பாகாகிவிடும். அதிக நேரம் அடித்தாலும் சீஸின் கட்டமைப்பு உடைந்து, பிடித்துவைத்திருந்த நீரை விட்டுவிடும்.

ஆகவே சேர்க்கும் வரிசையை மாற்றுங்கள். 225 கிராம் மிருதுவான வெண்ணெயோடு, சலித்த 450 கிராம் ஐசிங் சர்க்கரையையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து 3 நிமிடம் அடியுங்கள். சர்க்கரைத் துகள்கள்மேல் கொழுப்பு படிந்துவிடுவதால் பிறகு தண்ணீரை அவ்வளவு எளிதில் இழுக்காது. பின்பு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடமே ஆன 450 கிராம் க்ரீம் சீஸைத் துண்டு துண்டாகச் சேர்த்து, குறைந்த வேகத்தில் கட்டிகள் மறையும்வரை மட்டும் அடியுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். கடைசியில் 2 டீஸ்பூன் வெனிலா.

கட்டியாக, செங்கல் வடிவில் வரும் முழுக் கொழுப்பு க்ரீம் சீஸையே வாங்குங்கள். ரொட்டியில் தடவுவதற்கென்று டப்பாவில் வருவது மிருதுவாகத் தயாரிக்கப்பட்டது; கொழுப்பு குறைத்த வகையில் தண்ணீர் இன்னும் அதிகம். இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே தளர்ந்துவிட்டதா? கிண்ணத்தோடு 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்ததும் பீட்டரைத் தொடாமல் ஸ்பாட்டுலாவால் கிளறுங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும்.

கேள்வி: பருப்பு முழுவதும் அடியில் தங்கிவிடுகிறது. மைதாவில் புரட்டிப் போட்டும் பயனில்லை.

பதில்: மைதாவில் புரட்டுவது ஓரளவுதான் உதவும். மாவு நீர்த்திருந்தால் எதைப் புரட்டினாலும் மூழ்கும். கரண்டியிலிருந்து தானாக ஒழுகாமல், தட்டினால் பொத்தென்று விழும் பதம் வேண்டும். பெக்கனைக் கடலைப்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக நறுக்கினால் போதும். நறுக்கும்போது உதிரும் பொடியைச் சலித்து ஒதுக்குங்கள். அது மாவின் நிறத்தை மங்கச் செய்யும்.

கேள்வி: அடுக்கியபின் கேக் ஒரு பக்கமாகச் சரிகிறது.

பதில்: இரண்டு காரணங்கள்: நடுவில் மேடான கேக், முழுதாக ஆறாத கேக். டின்னின் ஓரம் முதலில் சூடாகி இறுகிவிட, நடுமாவு மட்டும் தொடர்ந்து எழும்புவதால் மேடு விழுகிறது. நனைத்துப் பிழிந்த கெட்டித் துணிப் பட்டையை டின்னைச் சுற்றிக் கட்டினால் இது பெரிதும் குறையும். துணி ஓவனின் சூட்டுக் கம்பியில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் மேட்டை ரொட்டி வெட்டும் பல் கத்தியால் சீவிவிடலாம்.

கேக்குகளை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் 200 கிராம் ஃப்ராஸ்டிங்குக்கு மேல் வேண்டாம். மேல் அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மேற்பரப்பு தட்டையாக அமையும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, உதிர்தூள்கள் அதில் ஒட்டிக்கொண்டதும் 30 நிமிடம் குளிரவைத்து, பிறகு முழுப் பூச்சைப் பூசுங்கள்.

கேள்வி: கேக்கில் லேசான கசப்பு.

பதில்: பெக்கன் பழையது. அதில் எடையில் 70 சதவீதத்துக்குக் கொழுப்பு இருப்பதால் வெளியே வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். பருப்பின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சக்கையும் கசக்கும், சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: முந்தைய நாளே செய்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக. சீஸ் இருப்பதால் 2 மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் 4 நாள் தாங்கும். பக்கவாட்டில் ஒட்டும் பெக்கனை மட்டும் பரிமாறும் நாளில் ஒட்டுங்கள், இரவு முழுவதும் இருந்தால் நமத்துவிடும். வெண்ணெய் கேக் குளிரில் கெட்டியாக இருக்கும் என்பதால் பரிமாறுவதற்கு 45 நிமிடம் முன்னதாக எடுத்து வையுங்கள். ஆனால் வெட்டுவதை எடுத்தவுடனேயே செய்துவிடுங்கள். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைக்க வேண்டும்.