லேசரா, ரோலரா? முதலில் குழியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, மாநிறம். பரு வருவது நின்று ஓராண்டு ஆகிறது. ஆனால் இரு கன்னங்களிலும் குழிகளும் கறுப்புத் தடங்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு க்ளினிக்கில் ஆறு சிட்டிங் லேசர் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். அழகு நிலையத்தில் பீல், அதாவது அமிலம் பூசித் தோலை உரிப்பது, போதும் என்கிறார்கள். தோழி வீட்டிலேயே நுண்ணூசி பதித்த டெர்மா ரோலரை முகத்தில் உருட்டிக்கொள்கிறாள். நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. என் கவலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் குழிகளெல்லாம் நிழல் விழுந்து தெரியும். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு கறுப்புத் தடங்களைத் தடவுங்கள். விரலுக்கு வழவழப்பாக இருந்தால் அது தழும்பே இல்லை. பரு ஆறியபோது தோல் விட்டுச் சென்ற நிறம். அதற்கு லேசர் வேண்டாம். தினமும் சன்ஸ்கிரீன், மருத்துவர் எழுதித் தரும் பூச்சு, சில மாதப் பொறுமை, இவ்வளவு போதும். மேலோட்டமான பீல் உதவுவதும் இந்த நிறத்துக்குத்தான். அது மேல்தோலோடு நின்றுவிடும், குழியின் அடிவரை போகாது. ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று யாராவது க்ரீம் நீட்டினால் வாங்காதீர்கள். அப்படிப் பட்டவற்றில் பலவும் ஸ்டீராய்டு கலந்தவை. தோலை மெலியச் செய்து, அடங்கிய பருவையும் மறுபடி கிளப்பிவிடும்.

இனி குழிகளுக்கு வருவோம். இரண்டு விரலால் கன்னத்தை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். அலை அலையாக இருந்த பள்ளம் இழுத்ததும் மறைகிறதா? அது ரோலிங் வகை. தோலுக்கு அடியில் நார் போன்ற திசு அதைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே கயிறு கட்டி இழுத்திருக்கும்போது மேலே லேசரால் எத்தனை முறை சுட்டாலும் பள்ளம் எழாது. இடத்தை மரத்துப்போகச் செய்து, ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன்தான் இதற்கு முதல் சிகிச்சை. தையல் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் ரத்தக்கட்டு தெரியும்.

இழுத்தாலும் மறையாமல், ஊசி குத்தியது போல வாய் குறுகி ஆழமாக இருப்பது ஐஸ் பிக். லேசரும் ரோலரும் இதன் அடியைத் தொடுவது அரிது. அடர்த்தியான ட்ரைக்ளோரோஅசிட்டிக் அமிலத்தைப் பல்குச்சி முனையில் தொட்டு அந்தக் குழிக்குள் மட்டும் வைக்கும் டிசிஏ க்ராஸ் இதற்கு ஏற்றது. அந்த அமிலத்தை வாங்கி நீங்களே வைத்துப் பார்க்காதீர்கள், முகம் வெந்துவிடும். விளிம்பு செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருக்கும் பாக்ஸ்கார் குழிகளுக்குத்தான், நுண்ணூசிகளால் தோலைக் குத்திப் புதுப்பிக்கும் மைக்ரோநீடிலிங்கும் லேசரும் நன்றாக உதவும். பெரும்பாலான முகங்களில் மூன்று வகையும் கலந்தே இருக்கும். அப்படியிருக்க, முகத்தைத் தொடாமலே ஒரே இயந்திரத்தில் ஆறு சிட்டிங் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

எப்படியென்று சொல்கிறேன். இயந்திரம் விலை அதிகம். வாங்கியவருக்கு அது ஓடியாக வேண்டும். 'ஆலோசகர்' என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் விற்பனைக்காரர்தான். மருத்துவரை நீங்கள் பார்ப்பதற்குள் பணம் கட்டி முடித்திருப்பீர்கள். ஓரிரு நாள் பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், அதைச் சுவரில் மாட்டியதும் யார் வேண்டுமானாலும் லேசரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தடுக்க வேண்டியவர்கள் தடுப்பதில்லை. சுட்டுக் கறுத்த முகத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமையே போய்விட்டது.

முன்பு, பின்பு என்று காட்டும் படங்களையும் நம்பாதீர்கள். சிகிச்சை முடிந்த சில நாட்களுக்கு முகம் லேசாக வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தில் குழிகள் நிரம்பியதுபோலத் தெரியும். அப்போது எடுத்த படம் அடுத்த ஆளுக்குப் பேக்கேஜ் விற்கப் பயன்படுகிறது. உண்மையான பலன், தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக ஊறித்தான் வர வேண்டும், அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முழுதாக மறையும் என்று யார் சொன்னாலும் பொய். குழியின் ஆழம் குறையும், நிழல் குறையும்.

உங்கள் நிறத்துக்கு லேசரில் இன்னொரு சிக்கல் உண்டு. மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சூடு பட்டால் அந்த இடம் கறுத்துப்போகலாம், அது மங்கப் பல மாதம் எடுக்கலாம். ஆகவே திருமணத்துக்கு முன் தோலைச் சுட்டெடுக்கும் லேசர் வேண்டவே வேண்டாம். மைக்ரோநீடிலிங்கில் சூடு இல்லை. உங்களுக்கு அதுவே பாதுகாப்பானது.

ஆனால் தோழி செய்வது அதுவல்ல. வீட்டு ரோலரின் ஊசி பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது, தழும்பு இருக்கும் ஆழத்துக்கு அது எட்டாது. நீளமான ஊசி வாங்கினால் கிருமி உள்ளே போகும். குத்திய தோலில் கண்ட சீரத்தையும் தேய்த்தால் உள்ளே கட்டி கட்டியாக ஒவ்வாமை வரலாம். ஒருவர் ரோலரை மற்றவர் தொடவே கூடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில் ரத்தமும் ஊசியும் கொண்டு செய்த 'வேம்பயர் ஃபேஷியல்' வழியாகப் பெண்களுக்கு ஹெச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்டது. க்ளினிக்கிலும் புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பள்ளமான தழும்புக்கு. ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காது குத்திய இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில், பழைய காயத்தில் எங்கேனும் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா? தாடை ஓரத்தில், தோளில், மார்பில் பரு ஆறிய இடங்கள் மேடாக நிற்கின்றனவா? பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி உண்டா? ஆம் என்றால் அது கீலாய்டாக இருக்கலாம். இந்த உடல்வாகு உள்ளவர் தோலைக் குத்தினாலும் சுட்டாலும் அமிலம் வைத்தாலும் புதுத் தழும்பு பெரிதாக வளர வாய்ப்புண்டு. கன்னத்தில் பள்ளமும் தாடையில் மேடும் ஒரே முகத்தில் இருக்கலாம். அதனால் கன்னத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள், தோளையும் மார்பையும் காட்டுங்கள். மேட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் பட்டை என்று அதற்கு வைத்தியம் வேறு. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்காமலே ஊசி எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் நான்கு மாதத்துக்கு என் யோசனை இது. முதல் மாதம் கறுப்புத் தடத்துக்குப் பூச்சும் சன்ஸ்கிரீனும். ரோலிங் குழிகள் இருந்தால் அந்த மாதத்திலேயே ஒரு சப்சிஷன். பிறகு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை மைக்ரோநீடிலிங். கடைசி முறை திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். டிசிஏ க்ராஸும் சில நாள் கறுக்க வைக்கும், அதைத் திருமணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லேசர் தேவையா என்பதையும் அப்போது பார்க்கலாம். தேவைப்பட்டால் முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துவிட்டுத்தான். இடையில் புதுப் பரு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதை அடக்குங்கள்.

பணத்தை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஆறுக்கும் சேர்த்துத்தான் வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.