விட்டுவந்த பெயர்

அன்புள்ள ஐயா,

நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர்கள். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1880களில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார். ஆவணங்களில் இன்றும் அதுதான். வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. பள்ளியில் என் மகனிடம், "நீ தமிழனா, வெள்ளைக்காரனா?" என்று கேட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தான். பழைய பெயரைக் கண்டுபிடித்து அதற்கே மாறிவிடலாம் என்று இருக்கிறேன். எங்கள் தொடக்கம் அதுதானே?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் தமிழன். தமிழில் அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் முறையிட்ட பிள்ளைக்கு அதில் சந்தேகமே வேண்டாம்.

பெயர் விஷயம் அத்தனை எளிதாக இல்லை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, பிரெஞ்சிந்தியர் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வழி செய்தது. துறந்தவர் திரும்ப முடியாது. குடும்பப் பெயர் ஒன்றையும் தேர்ந்துகொள்ள வேண்டும். ரெனோன்சான், அதாவது துறந்தவர் என்று அவர்களை அழைத்தார்கள். முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். எத்தனையோ பெயர்கள் இருக்க, கதவை எடுத்தார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

கதவு முழுதாகத் திறந்துவிடவும் இல்லை. 1884இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆனாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் துணிந்து துறந்தார்கள். ஊர் அவர்களை அழைத்த பெயரிலேயே இழிவு இருந்த காலம் அது. உங்கள் முன்னோர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் விட்டுவந்த பெயர் பிறர் அவர்மேல் சுமத்திய பெயராகவும் இருந்திருக்கலாம். அதைத் தேடி எடுத்துப் பேரனின் கொள்ளுப்பேரனுக்குச் சூட்டினால் அவர் மகிழ்வாரா? அவர் பெயர் மாற்றிய நாளையும் உங்கள் குடும்பத்தின் தொடக்கமாகவே நான் பார்க்கிறேன்.

நான் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர் இங்கிருந்த சமணப் பள்ளியில் சேர்ந்துதான் தருமசேனர் ஆனார் என்கிறது பெரியபுராணம். பிறகு திருவதிகையில் அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து நாவுக்கரசர் ஆனார். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது, கல்லே தெப்பமாகிக் கரை சேர்த்ததும் இதே ஊரில். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் இங்கே வழங்குகிறது. சிறுவயதில் கல் மிதந்ததைத்தான் வாய்பிளந்து கேட்டேன். இப்போது என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கரை. எந்த ஊரில் பிறந்த பெயரைக் கழற்றினாரோ, அந்த ஊரின் மணலிலேயே மறுபடி கால் ஊன்றினார். தருமசேனராக இருந்த காலத்தை அவர் ஒளிக்கவில்லை. பதிகங்களில் எண்ணி எண்ணி வருந்துகிறார். அந்த வருத்தத்தைக் கழித்துவிட்டால் அந்தக் குரல் இல்லை. நாமோ அவரை, சம்பந்தர் அன்போடு அழைத்த 'அப்பர்' என்ற பெயரால் அழைக்கிறோம்.

தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடுங்கள், மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். துறப்பைப் பதிந்த தாள் எங்காவது கிடைத்தால், அதன் அடியில் இருப்பது கைநாட்டா, கையெழுத்தா என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்தாக இருந்தால், அது தமிழிலா பிரெஞ்சிலா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.