ஃபேனை நிறுத்திவிட்டு நூற்கவும்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 43. மதுரையில் ஓர் அலுவலகத்தில் வேலை. மே மாதத்தில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் என் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் நான், கணவர், மாமியார் மட்டும்தான். இந்த ஏழு நாளில் மூன்று காரியங்களை முடித்துவிட ஆசை. பரணை ஒழித்தபோது பாட்டியின் பித்தளைத் தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்) கிடைத்தது. கதர்க் கடையில் சொல்லிவைத்துப் பஞ்சுப் பட்டையும் வாங்கிவிட்டேன். நானே நூற்ற நூலில் ஒரு சால்வை பின்ன வேண்டும். இரண்டாவது, பெங்களூரில் இருக்கும் தங்கையின் ஒரு வயதுக் குழந்தைக்கு ஸ்வெட்டர். அமெரிக்கப் பின்னல் குறிப்பு ஒன்றைக் கண்ணி பிசகாமல் பின்பற்றி, அதில் சொன்ன 8-ஆம் நம்பர் ஊசியிலேயே பின்னினேன். முதுகுப் பகுதி முடிந்துவிட்டது, ஆனால் அளவு சிறுத்துவிட்டது. மூன்றாவது, ஜனவரியில் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய ஏழு நாவல்கள். இன்னும் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. தக்ளியில் ஒரு மணி நேரம் முயன்றதில் 20 மீட்டர் வந்தது. 20 முறை அறுந்தது. "கத்திரி வெயிலில் கம்பளியா? கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே" என்கிறார் மாமியார். ஏழு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ஏழு நாளைப் பிரிப்பது இருக்கட்டும். முதலில் அந்த ஸ்வெட்டரைப் பிரியுங்கள்.

தவறு உங்கள் கையில் இல்லை, ஊசியின் நம்பரில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பின்னல் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கணக்கில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் மூன்றேகால். அமெரிக்கக் கணக்கு தலைகீழ். நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். அவர்களுடைய 8-ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர். நீங்கள் வாங்க வேண்டியிருந்தது நம் கடையின் 6-ஆம் நம்பர் ஊசி. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்று குறிப்பு சொல்லி, உங்கள் பின்னலில் 22 கண்ணி விழுந்திருந்தால், 45 கண்ணிக்கு 25 சென்டிமீட்டர் வர வேண்டிய முதுகு இருபதரையில் நின்றுவிடும். அந்த முதுகுக்குள் ஒரு வயதுக் குழந்தையை நுழைக்க முடியாது. அடுத்த முறை ஊசியை நம்பரால் கேட்காமல் மில்லிமீட்டரால் கேளுங்கள். ஒரு சாண் அகலத்துக்கு மாதிரி பின்னி, ஸ்கேல் வைத்துக் கண்ணிகளை எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். மாதிரி பின்னச் சோம்பல்பட்டு நான் பிரித்த ஸ்வெட்டர்கள் மூன்று. அதில் ஒன்று என் கணவருக்குப் பின்னியது, பையனுக்குச் சரியாக இருந்தது.

பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக எடுத்து, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு நிழலில் காயப்போடுங்கள். உண்மைக் கம்பளி என்றால் சுருள் போய்விடும். 'உல்லன் நூல்' என்று கேட்டு வாங்குவதில் பாதிக்கு மேல் அக்ரிலிக்காக இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு நூலைத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அக்ரிலிக்காக இருந்தாலும் பரவாயில்லை, குழந்தை துணியைத் துவைத்து மாளாது. அதற்கு அதுதான் தோது.

இனி சால்வை. அதை இந்த வாரக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கோபப்படாமல் இந்தக் கூட்டலைப் பாருங்கள். சின்னச் சால்வைக்கே 400 மீட்டர் நூல் வேண்டும், மெல்லிய நூலென்றால் இன்னும் கூட. நூற்ற ஒற்றை இழையை அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். முறுக்கு தன் திசைக்கே இழுக்கும். அதனால் இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்க வேண்டும். ஆக 800 மீட்டர் இழை. மணிக்கு 20 மீட்டர் என்றால் 40 மணி நேரம். முறுக்கும் நேரமும் பின்னும் நேரமும் அதற்கு மேல். விடுப்பா இது?

தினமும் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் விடியற்காலையாக இருக்கட்டும், ஃபேனை நிறுத்திவிட்டு. உங்கள் நூல் 20 முறை அறுந்தது மத்தியானத்தில், ஃபேனுக்கு அடியில் என்றுதான் நினைக்கிறேன். பருத்தி ஈரப்பதத்தில் வலுக்கும், வறண்ட காற்றில் முறியும். கோயம்புத்தூர் மில்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், நூற்புக் கூடத்தில் காற்றை ஈரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். மதுரையில் மே மாதத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஈரம் ஐந்தரை மணிக் காற்று மட்டும்தான்.

எங்கள் பள்ளியில் தக்ளி வகுப்பு இருந்தது. கொட்டாங்கச்சியில் தக்ளியின் முனையை ஊன்றிச் சுண்டிவிடுவோம். வியர்க்கிற விரலுக்கு விபூதி தொட்டுக்கொள்வோம். டீச்சரே ஒரு பொட்டலம் வைத்திருப்பார். அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "இழுக்காதே, முறுக்கு வரட்டும்." பருத்தி இழை ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். முறுக்கு ஏறுவதற்குள் கையை இழுத்தால் இழைகள் ஒன்றையொன்று விட்டு நழுவிவிடும், நூல் அறுந்துவிடும். முறுக்கு முதலில் ஓடுவது மெலிந்த இடத்துக்கு. தடித்த இடம் பஞ்சாகவே மெத்தென்று இருக்கும். அந்தத் தடிப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல நீட்டினால் அதுவும் மெலியும், பிறகு முறுக்கை வாங்கிக்கொள்ளும். இந்த நேரம் விரலுக்குப் பிடிபட்டுவிட்டால் உங்களுக்கு நூற்கத் தெரியும். அறுந்தால் பதற வேண்டாம். நுனியைப் பிரித்துப் பஞ்சாக்கி, புதுப் பஞ்சை அதன்மேல் வைத்துச் சுண்டுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

ஏழு நாளில் 140 மீட்டர் இழை வரும். கை பழகினால் இன்னும் கொஞ்சம். இரட்டையாக முறுக்கினால் 70 மீட்டர். அதைச் சிட்டமாகக் கட்டி, சோப்பு கரைத்த தண்ணீரில் கொதிக்கவிட்டு அலசி உலர்த்துங்கள், முறுக்கு அடங்கும். அதில் பத்துப் பன்னிரண்டு கண்ணி போட்டு ஒரு நாடா பின்னலாம். புத்தகத்தில் பக்கம் அடையாளம் வைக்க ஆயிற்று.

புத்தகம் என்றதும் ஒன்று. பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை படிப்பதற்கு மட்டும் வையுங்கள். மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் உட்கார முடியாது. உங்கள் மாமியார் அந்த அளவில் சரியாகத்தான் சொல்கிறார். வியர்த்த கையில் ஸ்டீல் ஊசி பிசுபிசுத்துக்கொண்டு கண்ணியை நகரவிடாது. மாலையில் மொட்டைமாடியில், மூங்கில் ஊசியோடு ஸ்வெட்டரை எடுங்கள். ஏழு நாவல் வேண்டாம், இரண்டு போதும், ஒன்று தடி, ஒன்று மெலிசு. தடியானது பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்வில்லாமல் மூடிவிட்டு மெலிசுக்குப் போகலாம்.

படித்துக்கொண்டே பின்னலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் செய்வீர்கள். எல்லோரும் செய்கிறோம். இரு பக்கமும் நேர்ப்பின்னலாகப் போகும் நாடாவுக்கு அது சரி. கை இறக்கம், கழுத்து வளைவு வரும்போது வேண்டாம். கொலைகாரன் யாரென்று தெரிந்த பக்கத்தில் நான் ஒருமுறை நான்கு கண்ணிகளை நழுவவிட்டேன். பத்து வரிசை கீழே போன பிறகுதான் பார்த்தேன். காந்தியடிகள் 1922 முதல் 1924 வரை எரவாடா சிறையில் இருந்தபோது நிறையப் படித்தார், நூற்கவும் செய்தார். அவரும் இரண்டுக்கும் நேரத்தைத் தனித்தனியாகத்தான் ஒதுக்கினார். அவரிடம் கைப்பேசி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதைப் பரணில் தக்ளி இருந்த இடத்தில் வைக்கலாம்.

மாமியாரின் முந்நூறு ரூபாய்க்கு நான் பதில் எழுதப் போவதில்லை. விடியற்காலையில் அவர் விழித்திருப்பார் அல்லவா? தக்ளியை அவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அந்த வயதுக்காரர்களில் பலர் பள்ளியில் நூற்றவர்கள். அவர் உங்களைவிட நன்றாக நூற்றுவிட்டால் எனக்கு எழுத வேண்டாம், பஞ்சுப் பட்டையைக் கூடுதலாக வாங்கிவையுங்கள்.

ஸ்வெட்டரை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய அவசரமும் இல்லை. பெங்களூரில் குளிர் தொடங்க நவம்பர் ஆகும். ஆனால் அதற்குள் அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டியிருக்கும், நீங்கள் சரியான ஊசியில் பின்னினாலும் ஒரு வயது அளவு அப்போது போதாது. எப்படியும் பிரித்துத்தானே ஆக வேண்டும்? குறிப்பில் 2 வயதுக்கான கண்ணிக் கணக்கும் இருக்கும். அதைப் பார்த்துத் தொடங்குங்கள், ஒரு பந்து நூல் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். அதே நிறம் நவம்பரில் கடையில் கிடைக்காது.