“பட்டாசு வெடித்தால் நடுங்குகிறான்”

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நாலு மாசத்துக்கு முன், விடிகாலையில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு (தொழிலாளர் குடியிருப்பு) வாசலிலேயே அவன் கண் முன்னால் அவன் தாத்தாவை யானை அடித்துவிட்டது. அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. யானை விரட்டப் பட்டாசு போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். போன வாரம், “தாத்தாவுக்குப் பதிலா நான் போயிருக்கலாம்மா” என்றான். வயசுக் கோளாறு என்கிறார்கள். தற்கொலை பற்றிக் கேட்டால் நானே தூண்டியதாகிவிடுமோ?
– ஒரு தாய், கூடலூர்

பதில்: ஆகாது. இன்றைக்கே கேளுங்கள். துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ, பக்கத்தில் உட்கார்ந்து: “செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதாப்பா?” இப்படி நேராகவே. “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்றால் “இல்ல” என்றுதான் பதில் வரும். ஆமாம் என்றால் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். எப்படி, எப்போது என்றுகூட யோசித்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இது வயசுக் கோளாறு அல்ல. கோரமான சம்பவத்துக்குப் பிறகு சில நாள் நடுங்குவது யாருக்கும் நடப்பதுதான். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தையே தவிர்ப்பது எல்லாம் நீடித்தால் அது பி.டி.எஸ்.டி. (கோரமான சம்பவத்தின் அதிர்ச்சியால் வரும் மனநோய்) ஆக இருக்கலாம். அந்த நோய் உள்ள பதின்வயதினருக்குத் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். தூக்கம் கெட்டு, “நான் காப்பாற்றியிருக்கணும்” என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்தால் இன்னும் கூடும். உங்கள் மகன் சொன்னது அந்தக் குற்ற உணர்ச்சிதான். “ஆம்பளப் பையன், தைரியமா இரு” என்பவர்களை அவனிடம் அண்டவிடாதீர்கள்.

வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி, பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து டப்பாவை வேறு வீட்டில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சாகும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும்; அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டக்கூடாது.

மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள், அது இந்த நோயைக் குணப்படுத்தாது. முதல் சிகிச்சை பேச்சுதான்: பயிற்சி பெற்ற ஆலோசகருடன் பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சில மாதங்கள் வரை. நடந்ததை அவன் அங்கே, அவனுடைய வேகத்தில் சொல்லட்டும். துக்கம் கேட்க வருபவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் கெடுதல். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், முதல் சில வாரங்கள் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கவனியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மந்திரிப்பதானால் மந்திரியுங்கள், மருத்துவரைப் பார்க்கும் நாளை மட்டும் அதற்காகத் தள்ளாதீர்கள்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அதுவரை 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்): இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணும் உண்டு.

பட்டாசு விஷயம்: வெடிக்கும் முன் ஒரு போன் செய்யும்படி யானை விரட்டும் காவலரிடம் கேட்டுப் பாருங்கள். சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் திடுக்கிடல் குறையும். பஸ் நிறுத்தம் வரை கொஞ்ச நாள் யாராவது கூட நடங்கள். பள்ளியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.